முழுப் பெயர் என்ன, பிள்ளை?



2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். அப்போது நான் அபுதாபியில் வேலையாக இருந்தேன். கனடாவிலிருக்கும் சிநேகிதர் ஒருவரின் மகள், நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்தில் படிக்க வந்தாள். தாய் தகப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீதான் கொண்டுபோய் விடவேணும்" என்று சிநேகிதர் போனில் சொல்லிவிட்டார். 2010இல் நூற்றைம்பது பேரளவு மாணவருடன் நகரத்துக்குள் தொடங்கிய அந்த வளாகம், 2014இல்தான் சாதியாத் தீவிலே கட்டிய புதிய இடத்துக்கு மாறியிருந்தது. மாணவர் விடுதியும் ஆசிரியர் குடியிருப்பும் ஒரே வளவுக்குள் இருந்தன.

விடுதி வாசலில் ஒரு பேராசிரியரும் மனைவியும் நின்று பிள்ளைகளை வரவேற்றார்கள். எங்கள் பிள்ளை தன் பெயரில் முதல் இரண்டு எழுத்தை மட்டும் சொன்னாள். கனடாவில் பாலர் வகுப்பிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். "முழுப் பெயர் என்ன?" என்று அந்த அம்மா கேட்டார். சொன்னதும் மூன்று தரம் உச்சரித்துப் பார்த்தார், மூன்றாம் தரம் சரியாக வந்தது. "என்ன சாப்பிடுவாய், எதை விலக்குவாய்?" என்று கணவர் கேட்டார். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் போகலாம் மாமா" என்றாள். பயம் போய்விட்டது.

கலியாணமான ஆசிரியர்கள் மாணவரோடு குடியிருந்து வீட்டுக்காரராக நடத்துவதை நாங்கள் மேல்நாட்டுப் புதுவழக்கம் என்று நினைப்பதுண்டு. ஆனால் பழம்பெரும் ஒக்ஸ்போர்டில், கல்லூரித் தலைவரைத் தவிர மற்ற ஆசிரியர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கலியாணம் செய்தால் பதவியை விடவேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஹாவார்டில் ஆசிரியர் தம்பதி தலைமையேற்கும் விடுதி இல்லங்கள் 1930இல்தான் திறந்தன. அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முந்தி, எங்கள் ஊரிலேயே இது நடந்திருக்கிறது.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். தானியேல் பூவரும் மனைவி சூசனும் தெல்லிப்பழையில் குடியேறி, பிள்ளைகளைத் தம்முடன் வைத்துப் படிப்பித்தார்கள். சூசன் 1821இல் அங்கேயே இறந்துபோனார். 1823இல் பூவர் ஆன் நைட் என்பவரை மணந்தார். அதே வருடம் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது, பூவரே முதல் அதிபர். உடுவிலில் மைரன் வின்சுலோவும் மனைவி ஹரியற்றும் இருந்தார்கள். ஹரியற் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். மைரன்தான் பின்னாளில், 1862இல், பெரிய தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்டவர்.

முதல் தடங்கல் சோறு. பிறமதத்தார் வளவில் பிள்ளை கைநனைக்கக் கூடாது என்று ஊரார் நின்றார்கள். ஆகவே பையன்களுக்கு மிஷன் வளவுக்குப் புறத்தே தனிச் சமையலிடம் வைத்துக் கொடுத்தார்கள். அது பிள்ளைகளைச் சேர்த்த இணக்கம்தான், ஆனால் சாதிக்கும் பாய்விரித்த இணக்கம் என்பதையும் மறைக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் சேர்ந்ததற்கு உடுவிலில் வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். தையல் பழக வந்த இரண்டு சிறுமிகள் மாரிமழையில் அகப்பட்டு வீடுபோக முடியாமல் நின்றார்கள். பசியில் அழுத பிள்ளைகளுக்கு ஹரியற் சோறு கொடுத்தார். பிறகு வந்த தகப்பன், "சோறு கொடுத்துவிட்டீர்கள், இனி நீங்களே வைத்திருங்கள்" என்றாராம்.

இரண்டாவது பெயர். ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் யாராவது ஏற்றால், அவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இடுவது வழக்கமாயிற்று. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்று எங்கள் தமிழறிஞர்களின் பெயர்களுக்கு முன்னால் அந்நியப் பெயர் நிற்பது இந்த மிஷன் கல்வியின் அடையாளம். கறோல் விசுவநாதபிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலிரு பட்டதாரிகளில் ஒருவர். கல்வி பெரிது. ஆனால் அதற்கு விலையாகப் பிள்ளைகள் பெயரும் கொடுத்தார்கள், பலர் சமயமும் கொடுத்தார்கள். மதம் மாற்றுவதே மிஷனின் நோக்கம், அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை.

ஆனாலும் அந்தத் தம்பதிகள் தூரத்தில் நின்று நடத்தியவர்கள் அல்லர். ஹரியற் 1833இல் தனது 36ஆவது வயதில் உடுவிலிலேயே இறந்தார். அவருக்குப் பின் லீவை ஸ்போல்டிங்கும் மனைவி மேரியும் அந்தப் பிள்ளைகளைப் பொறுப்பேற்று, முதுமை வரை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து அங்கேயே மறைந்தார்கள். செமினரி 1855இல் மூடப்பட்டது. உடுவில் பாடசாலை போரையும் இடப்பெயர்வையும் தாண்டி, 2024இல் இருநூறு வருடத்தைக் கண்டது.

நேயர்களே, இந்தப் பழைய கதையை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் அகதியாகப் போய் இறங்கிய ஊர்களில் எத்தனை பேர் எங்களை ஏற்றுக்கொண்டார்கள்! சாப்பாடு தந்தார்கள், குளிருக்கு உடுப்புத் தந்தார்கள். அந்த நன்றி மறக்கக்கூடியதல்ல. ஆனால் பெயரைச் சுருக்கச் சொன்னபோது நாங்கள் சுருக்கினோம். விருந்தாளிக்கு வாய் இல்லை என்று நினைத்தோம். பிள்ளைகளும் அதையே பழகிக்கொண்டார்கள். வரவேற்கிறவர் அன்பாக இருப்பது மட்டும் போதாது. உள்ளே வருகிற பிள்ளை தன் பெயரோடும் தன் சோற்றோடும் வர இடம் இருக்க வேண்டும். உடுவில் வாசலில் சோற்றுக்கு இடம் கிடைத்தது, பெயருக்குக் கிடைக்கவில்லை. சாதியாத் வாசலில் அந்த இரண்டையுமே முதலில் கேட்டார்கள்.

உங்கள் பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போகும்போது, கட்டணத்தையும் கட்டிலையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கே பொறுப்பாயிருக்கும் ஆசிரியரைச் சந்தியுங்கள். பிள்ளையின் பெயரை நீங்களே முழுதாகச் சொல்லிக் கொடுங்கள். என்ன சாப்பிடும், எந்த நாள் விரதம் என்றும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சிநேகிதரின் மகள் 2018இல் பட்டம் பெற்றாள். அந்தமுறை தாய் தகப்பன் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மேடையில் அவளுடைய முழுப் பெயரையும் பிழையில்லாமல் வாசித்தார்கள். தகப்பன் கைதட்ட மறந்துபோய் இருந்தார்.