தொழில் கற்றுக்கொடுத்த பகடி: நீலகண்ட தீட்சிதரின் கலிவிடம்பனம்

வடமொழியில் நகைச்சுவை என்றதும் நாடகத்து விதூஷகனே பலர் நினைவுக்கு வருவான். ஆனால் சிரிப்பையும் அறிவையும் ஒரே சுலோகத்துக்குள் அடக்கியவர்கள் அங்கத நூலாசிரியர்கள். 11ஆம் நூற்றாண்டுக் காசுமீரத்தில் க்ஷேமேந்திரர், 'நர்மமாலை'யில் அரசுக் கணக்கர்களின் ஊழலைத் தோலுரித்துக் காட்டினார். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் மதுரையில் வாழ்ந்த நீலகண்ட தீட்சிதர் எடுத்துக்கொண்டது வேறு வழி. ஏமாற்றுக்காரர்களை அவர் வையவில்லை. அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்.

வடமொழிப் பேரறிஞர் அப்பைய தீட்சிதருடைய உடன்பிறந்தாரின் பேரர் இவர். 'நீலகண்டவிஜயம்' என்ற, உரைநடையும் செய்யுளும் கலந்த சம்பு காவியத்துக்கு அவரே குறித்த காலம் கலியாண்டு 4738, அதாவது கி.பி. 1637. மதுரை மன்னர் திருமலை நாயக்கரிடம் அமைச்சராக இருந்தார் என்பது மரபுவழிச் செய்தி. மதுரைச் சிவனான ஆலவாயனின் திருவிளையாடல்களைச் 'சிவலீலார்ணவம்' என்று 22 சருக்கங்களில் பாடியவரும், மீனாட்சியம்மைமேல் 'ஆனந்தசாகரஸ்தவம்' பாடியவரும் இவரே. நூறு சுலோகங்களைச் சற்றே தாண்டும் சிறு நூலான 'கலிவிடம்பனம்' அதே கையிலிருந்து வந்தது.

நூல் தொடங்குவதே புலவர் சபையில்தான். வாதில் வெல்ல விரும்புபவன் எதிராளி சொல்வதைக் காதில் வாங்கவே கூடாது. உடனே மறுத்துவிட வேண்டும். நடுவர் படிக்காதவரா, உரக்கக் கத்தினால் போதும். படித்தவரா, ஒருபக்கம் சாய்கிறார் என்று பழி போட்டுவிடலாம். இத்தனையும் கேலிக் குரலில் இல்லை. சாத்திரம் விதி வகுக்கிற அதே நிதானத்தில் வருகிறது. எட்டெழுத்து அடிகள் நான்கால் ஆன அனுஷ்டுப்பு இதற்கு வாகான யாப்பு. முதற்பாதி விதியைச் சொல்லும். பிற்பாதி அதன் காரணத்தைச் சொல்லும்போது குட்டு உடையும்.

சோதிடருக்கு அவர் தரும் அறிவுரையைப் பாருங்கள். பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டால், தகப்பனிடம் ஆண் என்றும் தாயிடம் பெண் என்றும் சொல்ல வேண்டும். ஆயுளைக் கேட்டால் எல்லாருக்கும் நீண்ட ஆயுள்தான். பிழைத்திருப்பவர்கள் கொண்டாடுவார்கள், செத்தவர்கள் திரும்பி வந்து யாரைக் கேட்கப் போகிறார்கள்?

சோதிடனின் சாமர்த்தியத்தைக் கண்டு சிரிக்கும்போதே இன்னொன்றும் புலப்படுகிறது. பொய்க்கு முதல் போட்டவன் சோதிடன் அல்லன். விரும்பிய விடையை முன்பே மனத்தில் வைத்துக்கொண்டு கேட்க வந்தவன். கடன் கொடுத்தவனைப் பற்றிய சுலோகங்களிலும் இதுதான் நிலை. கடன் கொடுத்தவனுக்குக் கோரைப்பல் இல்லை, கையில் பாசக்கயிறு இல்லை. ஆனாலும் அவனைக் கண்டதும் நெஞ்சு பதறுகிறது. எமனாவது உரிய வேளைக்குக் காத்திருப்பான், இவனுக்கு வேளை கிடையாது என்கிறார் தீட்சிதர். பதற்றம் வாங்கியவன் நெஞ்சில் இருக்கிறது. கொடுத்தவன் முகத்தில் அன்று.

'சாந்திவிலாசம்', 'வைராக்கிய சதகம்' ஆகிய நூல்களில் ஆசைக்கும் அச்சத்துக்கும் மருந்து தேடியவரும் இவரே. நோயாளியின் மனத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்ததால்தான் போலி வைத்தியன் எங்கே கைவைப்பான் என்பது அவருக்குத் தெரிந்தது. வசைபாடும் அங்கதம் கயவனை அடையாளம் காட்டும். உபதேசம் செய்யும் அங்கதமோ, அவன் கடைக்கு நாம் ஏன் போகிறோம் என்று கேட்க வைக்கும். பாட்டுடைத் தலைவன் சோதிடனாக இருந்தாலும், பாடம் அவனிடம் கைநீட்டும் நமக்கு.