வெள்ளவத்தை மில்லில் நூல் நூற்றவர்கள் எங்கே?

வெள்ளவத்தை எண்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காலி வீதி நகைக்கடைகள், புடவைக்கடைகள், கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகள். கிளறிக்கல் வேலை கிடைச்சு யாழ்ப்பாணத்தில இருந்து வந்து, காணி வாங்கி, பிள்ளைகளைப் படிப்பிச்சு மேலே வந்த கதைதான் எங்கட வீடுகளில் சொல்லப்படும் வெள்ளவத்தைக் கதை.

அதே ஊருக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. இன்று ஹவ்லொக் சிட்டி தொடர்மாடிகள் நிற்கும் காணியில் முன்பு இருந்தது வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய அந்த மில்லில் சிங்களவர்களோடு, கேரளத்திலிருந்து வந்த மலையாளிகளும் பெருந்தொகையாக வேலை செய்தார்கள்.

1933இல் அங்கே வேலைநிறுத்தம் வெடித்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் எங்கும் வேலை குறைந்திருந்த காலம் அது. கொழும்பின் பெரிய தொழிற்சங்கத் தலைவர் அப்போது ஏ.ஈ. குணசிங்க. 1923 பொது வேலைநிறுத்தத்திலும் 1927 துறைமுக வேலைநிறுத்தத்திலும் பல இனத் தொழிலாளர்கள் அவருக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை தூக்கியவர்களுக்கு அந்த ஒற்றுமை புதுசில்லை. ஆனால் மந்த காலத்தில் குணசிங்கவின் பேச்சு மலையாளிகளுக்கு எதிராகத் திரும்பியது. மில் வேலைநிறுத்தத்தின்போது அவர் அதை உடைக்கிற பக்கம் நின்றார். தொழிலாளர்களோடு நின்றவர்கள் கொல்வின் ஆர். டி சில்வாவும் வேறு இளம் இடதுசாரிகளும். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களும் அவர்கள்தான்.

சம்பளச் சண்டை இனச் சண்டையாக மாறினால் லாபம் யாருக்கு? முதலாளிக்குத்தான்.

பிறகு 1948. பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. முந்தைய தலைமுறை இலங்கையில் பிறந்ததுக்கு அத்தாட்சி காட்டு என்றது. அத்தாட்சி இல்லாத இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்த அரசாங்கத்தில் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அமைச்சரானார். அதை ஏற்காத செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது கிளறிக்கல் வேலை என்ற ஏணியும் ஆடத் தொடங்கியது. கூலிக்காரனின் உரிமை போனபோது அது தங்களைத் தொடாது எண்டு நினைச்ச வீடுகளுக்கும் சட்டம் வந்து சேர்ந்தது.

படிச்சு மேலே வந்தது பொய்யில்லை. அந்த ஏணியில் கால் வைக்கவே விடப்படாதவர்களும் இதே வெள்ளவத்தைக்காரர்தான். அடுத்தமுறை வீட்டில் பழைய கதை சொல்லும்போது, மில்காரர் என்ன ஆனார்கள் எண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.