கட்டத்தாளும் கொழுந்தும்



பிரிஞ்சாங் தோட்டத்துப் பிள்ளைகள் கணினியில் தேயிலைக் கொழுந்தொன்றைச் சின்னமாக வரைந்தனர். பெரிதாகப் பார்த்தால் அழகு. சிறிதாக்கினால் ஓரமெல்லாம் நம்மூர்ப் பனிமூட்டம். தங்களுக்கு வரையத் தெரியவில்லை என்று வருந்தினர். குறை அவர்களிடம் இல்லை.

1984இல் வெளிவந்த மெக்கிண்டாஷ் கணினிக்குச் சின்னங்கள் படைத்த சூசன் கேர் அம்மையார், முதலில் கட்டத்தாளில்தான் வரைந்தார். 32க்கு 32, ஆக 1,024 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை; சாம்பலுக்கு இடமேயில்லை. ஆகவே ஓரம் மங்கவில்லை. (சாய்கோடுகள் படிக்கட்டாகத் தெரிந்தது வேறு கதை!)

மறு ஆண்டு, 1985இல், நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். அக்காலத் திரையில் எழுத்தும் புள்ளிக் கூட்டமே. ணகரத்தின் சுழிகளைச் சில புள்ளிகளுக்குள் அடக்குவது எத்துணைக் கடினம் என்பதைப் பிள்ளைகளின் கணிதக் குறிப்பேட்டில் கட்டங்களை நிரப்பிப் பாருங்கள், விளங்கும்.

பின்னர் திரைக்குச் சாம்பல் நிறம் வந்தது. படிக்கட்டு மறைந்தது, மங்கல் புகுந்தது. 2003இல் தொடங்கிய இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருள்கள் கோட்டைக் கணக்காகவே வைத்திருப்பவை. ஒரு புள்ளித் தடிமனுள்ள நேர்கோட்டின் நடு, இரு கட்டங்களின் எல்லைமேல் விழுந்தால் பாதி இப்பக்கம், பாதி அப்பக்கம், இரண்டும் சாம்பலாகும். அரைப் புள்ளி நகர்த்தினால் ஒரே கட்டம் முழுக் கறுப்பாகும். இரு புள்ளித் தடிமனாயின் எல்லையே சரியான இடம்.

கொழுந்தின் நடுநரம்பை அரைப் புள்ளி நகர்த்தச் சொன்னேன். நரம்பு கறுத்தது. இலை ஓரத்து வளைவுகளைத் திருத்த இன்னும் இரண்டு பாடவேளைகள் ஆயின.