இரண்டு சென்ட் பாட்டு

ஏற்கெனவே ஹிட்டான பாட்டை இன்னொருவர் ஏன் மறுபடி பாடிப் பதிவு செய்கிறார்? பாட்டின் மேல் உள்ள ஆசை என்று யூடியூபில் கவர் பாடுபவர்கள் சொல்வார்கள். நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் 1950களின் அமெரிக்காவில் பெரும்பாலும் அது வியாபாரம்.

அங்கே 1909இல் வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாடல் உரிமையாளரின் அனுமதியோடு ஒருமுறை பதிவாகிவிட்டால் போதும். அதன்பின் யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்யலாம். பிரதிக்கு 2 சென்ட் கட்டினால் சரி. அந்தப் பணமும் பாடலை எழுதியவர், பதிப்பாளர் பக்கம்தான் போகும். முதலில் பாடி அதைப் பிரபலமாக்கியவருக்கு ஒரு காசு கிடையாது.

இதில் அடிபட்டவர் லாவெர்ன் பேக்கர் என்ற கறுப்பினப் பாடகி. 1954இல் அட்லாண்டிக் நிறுவனத்துக்காக 'ட்வீட்லி டீ' பாடினார். பாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் மெர்குரி நிறுவனம் வெள்ளையினப் பாடகி ஜார்ஜியா கிப்ஸை வைத்து அதையே வெளியிட்டது. பாட்டு மட்டுமல்ல, வாத்திய அமைப்பு, பாடும் தோரணை எல்லாம் அச்சு அசல். மெர்குரியின் கை பெரியது. கறுப்பினப் பாடகர்களைத் தொடாத வானொலி நிலையங்களும் அன்று நிறைய. பாப் பட்டியலில் பேக்கர் 14ஆம் இடம், கிப்ஸ் 2ஆம் இடம்.

பேக்கர் சும்மா இருக்கவில்லை. 1955இல் மிச்சிகன் மாநில காங்கிரஸ் உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்குக் கடிதம் எழுதினார். தன் பாட்டை மற்றவர் பாடுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. தன் இசையமைப்பை வரிக்கு வரி எடுத்துக்கொள்வதுதான் திருட்டு என்றார். நியாயமான பேச்சு என்றே எனக்குத் தோன்றுகிறது. சட்டம் அசையவில்லை. ஒலிப்பதிவுக்கே அங்கே மத்தியப் பதிப்புரிமை 1972இல்தான் வந்தது. அப்போதும், புதிதாகப் பாடி அதேபோல் ஒலிக்கச் செய்வதற்குத் தடை இல்லை. (ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கும் முன் பேக்கர் விமானக் காப்பீட்டை கிப்ஸ் பெயரில் எடுத்தாராம், தான் போய்விட்டால் பாவம் அவர் யாரைப் பார்த்துப் பாடுவார் என்று! விளம்பரத்துக்குக் கட்டிய கதையாகவும் இருக்கலாம்.)

நம் நாட்டில் 2012 திருத்தம் கொஞ்சம் கடுமை. உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். இது கவர் என்று உறையிலும் போட வேண்டும்.

'ட்வீட்லி டீ' பதிவுகள் இரண்டுமே இணையத்தில் கிடைக்கின்றன. பேக்கருடையதை முதலில் கேளுங்கள்.