வொயேஜரோடு கதைக்க ஒரேயொரு அன்டெனா

வொயேஜர் எண்டதும் எங்கட ஆக்களுக்கு முதலில் ஞாபகம் வாறது அந்தத் தங்க இசைத்தட்டுத்தான். 1977இல் 55 மொழிகளில் வணக்கம் சொல்லி அனுப்பினார்கள். சிங்களம் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, தமிழ் இல்லை. கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தத் தட்டை ஆராவது கேட்பார்களா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உண்மையில் இன்றைக்கும் நடக்கிற உரையாடல் வேறொன்று. அது வொயேஜர் 2க்கும், அவுஸ்திரேலியாவில் கன்பராவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஓர் அன்டெனாவுக்கும் இடையிலானது.

அதன் பெயர் டிஎஸ்எஸ் 43. 1970களில் கட்டும்போது அதன் விட்டம் 64 மீற்றர். 1989இல் வொயேஜர் 2 நெப்டியூனை நெருங்கவிருந்தது. கலத்தின் ஒலிபரப்பி 20 வாட் அளவுதான், பழைய குண்டு பல்ப் ஒன்றைவிடக் குறைவு. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற சமிக்ஞையைப் பிடிக்கக் கிண்ணத்தை 70 மீற்றராகப் பெருப்பித்தார்கள். அதுவும் போதவில்லை. நட்சத்திரங்களை ஆராயக் கட்டிய பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியையும் கூடச் சேர்த்தார்கள். வானியலாளருக்கும் விண்கலக்காரருக்கும் வேலை ஒன்றுதானே: இரைச்சலுக்குள் கிடக்கிற மெல்லிய அலையைப் பிரித்தெடுப்பது.

நெப்டியூனைக் கடந்ததும் கலத்தின் பாதை தெற்கே வளைந்தது. இப்போது வடக்கிலுள்ள பெரிய அன்டெனாக்களுக்கு அது எட்டாது. தெற்கில் அதற்குக் கட்டளை அனுப்புகிற வலு டிஎஸ்எஸ் 43க்கு மட்டும்தான். 2020 மார்ச்சில் திருத்தவேலைக்காக அதை நிறுத்தியபோது, 11 மாதமளவில் வொயேஜர் சொல்வதைச் சிறிய அன்டெனாக்களால் கேட்க முடிந்தது. ஒக்டோபரில் அனுப்பிய சோதனைக் கட்டளைகளைத் தவிர, பதில் சொல்ல ஏலாமல் இருந்தது.

பிறகு 2023 யூலை 21. பிழையான கட்டளையொன்று போய்விட்டது. கலத்தின் அன்டெனா பூமியைவிட்டு 2 பாகை விலகியது. கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தினால் அது மறைக்கிற அகலம், அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது. சில நாட்களில் மெல்லிய அலையொன்று பிடிபட்டது. கலம் உயிரோடு இருக்கிறது, ஆனால் தகவல் எதுவும் இல்லை. ஒக்டோபர் 15 அன்று தானாகவே பூமிப் பக்கம் திரும்பும்படி முன்னரே அமைத்திருந்தார்கள். அதுவரை காத்திருந்திருக்கலாம். ஆனால் கன்பராவிலிருந்து உச்ச வலுவில் “திரும்பு” எண்டு கத்திப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் போய்ச்சேர 18½ மணித்தியாலம், பதில் வர இன்னுமொரு 18½. ஓகஸ்ட் 4 அன்று பதில் வந்தது.

அடுத்த முறை ஆராவது “தட்டில் தமிழ் ஏன் இல்லை” எண்டு கேட்டால், கூடவே இன்னொரு கேள்வியையும் கேளுங்கோ. அந்த 37 மணித்தியாலமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிற வேலைக்கு எங்கட பிள்ளைகள் எத்தனை பேர் போகப்போகினம்?