வேறு வாயில்: காஞ்சிபுரத்து லாட்ஜ் ஒன்றும் சில பழைய பிரதிகளும்

1

சென்ற ஆண்டு ஆடி மாதம் நானும் நண்பர் ஒருவரும் காஞ்சிபுரத்தில் மூன்று இரவு தங்கினோம். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களிடம் பேசிக் குறிப்பெடுப்பது வேலை. அவருக்கு முனைவர் பட்ட ஆய்வு. நான் கூடப் போனவன்.

பேருந்து நிலையத்துக்கும் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளுக்கும் நடுவே ஒரு சந்தில் லாட்ஜ். இரண்டு கட்டில் போட்ட ரூம் எழுநூறு ரூபாய். இராத்திரி முழுக்க பஸ்களின் ஹாரன். விடியற்காலம் கோயில் ஒலிபெருக்கி. அது ஓய்ந்ததும் பின்பக்கத்து வீட்டிலிருந்து தறிச்சத்தம். பக்கத்து ரூமில் முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கல்யாணக் கூட்டம், ஒரே ரூமில் பத்துப் பன்னிரண்டு பேர். தூங்குவதற்கில்லை, குளித்து உடை மாற்ற, மூட்டை வைக்க. மேனேஜர் நல்ல பேச்சுக்காரர். "எங்க தாத்தா காலத்துல இந்த எடத்துல எட்டுத் தறி ஓடிச்சு சார். இப்ப தறியில என்ன கெடைக்குது? ரூம்னா படுத்துத் தூங்கறவன் காசு குடுக்கறான்" என்றார்.

பதிவேட்டில் பெயர் எழுதும்போது என்னிடம் "எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். பெயரையும் ஊரையும் சேர்த்துப் பார்த்ததில் அவருக்குக் கணக்கு நேராகிவிட்டது. நான் நெசவு சாதியில் பிறந்தவன், அவரும் அப்படியே. அடுத்து நண்பர்.

"எந்த ஊரு?"

சொன்னார்.

"ஊர்ல எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கம்."

"பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்தான்" என்று நண்பர் சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். சாவி கிடைத்தது.

ஆதார் அட்டையை ஏற்கனவே நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் கேட்பது அதை. அட்டையில் இல்லாததை வாய் கேட்கிறது. ரூமுக்கு வந்ததும் நான் கொதித்தேன். நண்பர் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே, "ரூம் குடுத்துட்டாரில்ல, விடுங்க தோழர்" என்றார். கொஞ்சம் கழித்து, "அம்மா இப்ப எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றேன். அந்தக் கேள்வி ஏன் அப்போது வந்தது என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

யார், எங்கே, யார் வீட்டில் இராத் தங்கலாம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 'விருந்தோம்பல்' என்கிற ஒற்றைச் சொல்லால் நம் தமிழ்த்துறைகள் அதை மூடி வைத்திருக்கின்றன. அந்த மூடியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

காஞ்சிபுரத்துக்குப் போகிற வழியில் எங்கெங்கே தங்கலாம், என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லும் மிகப் பழைய பிரதி பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிகள். தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பசியோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். இன்ன குடியிருப்பில் தங்கினால் இன்னது கிடைக்கும் என்பதுதான் பாட்டின் வாய்பாடு. எயினரிடம், நாய் பிடித்துத் தந்த உடும்பின் வறுவல். கோவலரிடம் தினைச்சோறும் பாலும். உழவரிடம் வெண்ணெல் சோற்றுடன் கோழி. வலைஞரிடம் கள்ளும் சுட்ட மீனும். மறையோர் ஊரில் நெல்லுச் சோறு, மாதுளங்காய், மாவடு. பட்டினத்தில் கொழுத்த பன்றிக்கறியும் கள்ளும்.

எம்.ஏ. வகுப்பில் இதை 'தமிழர் விருந்தோம்பல் மாண்பு' என்ற தலைப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். வகுப்பில் யாரும் காட்டாத இடம் ஒன்று உண்டு. மறையோர் வீடுகளைச் சொல்லும்போது கோழியும் நாயும் அங்கே நெருங்காது என்கிறது பாட்டு. முந்தின ஊரில் உடும்பைப் பிடித்துக் கொடுத்தது நாய். இந்த ஊரில் நாய் வாசலுக்கு வரக்கூடாது. ஆனால் அந்த உடும்பைத் தின்ற பாணனுக்கு இங்கேயும் சோறு உண்டு. தீட்டு என்பதன் கோடு இங்கே போடப்பட்டுவிட்டது. அது இன்னும் பாணன்மேல் விழவில்லை, அவ்வளவுதான். ஆகவே இதைப் பொற்காலம் என்று கொண்டாடுவதற்கில்லை.

அந்தக் கோடு பிறகு பாணன்மேலும் விழுந்தது. அதைத் தெரிந்துகொள்ள 12ஆம் நூற்றாண்டுக்கு, தொண்டை நாட்டுக் குன்றத்தூர்க்காரரான சேக்கிழாரிடம் வர வேண்டும். பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருவாரூருக்கு வந்து கோயில் வாசலில் நின்று பாடுகிறார். உள்ளே போகிறவர் அல்ல அவர். இறைவன் இரங்கி வடதிசையில் வேறு வாயில் வகுத்துத் தர, அதன் வழியே போய் வணங்குகிறார். கவனியுங்கள்: இருக்கிற வாயில் திறக்கப்படவில்லை. அருளும்கூட வேறு வாயில் வழியாகத்தான் வந்தது.

அதே புராணத்தில் ஓர் இரவு வருகிறது. சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணர் வீட்டில் சம்பந்தர் தங்குகிறார். கூட வந்த பாணருக்கும் பாடினிக்கும் தங்க இடம் தரும்படி கேட்கிறார். நீலநக்கர் வீட்டின் நடுவே, வேள்வித் தீ இருக்கும் வேதியின் பக்கத்தில் இடம் தருகிறார். உடனே தீ வலமாகச் சுழன்று ஓங்கி எரிந்தது என்கிறது புராணம். பக்தி சாதியைக் கடந்தது என்பதற்கு மேடைகளில் சொல்லப்படும் கதை இது. நான் இதை இப்படி வாசிக்கிறேன்: முன்பு வழியெல்லாம் தங்கிச் சாப்பிட்டுப் போன பாணன் ஒரு வீட்டுக்குள் ஒரே ஒரு இரவு படுப்பதற்கு, இப்போது நெருப்பே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரணமாக நடக்கக்கூடிய காரியத்துக்கு அற்புதம் தேவைப்படாது.

3

இதற்கு மாற்றான ஒரு மரபும் இருந்தது. அதுவும் காஞ்சியில் வந்துதான் முடிகிறது. மணிமேகலையின் அமுதசுரபி எங்கே பிறந்தது? கோயிலுக்குள் அல்ல, அரண்மனையில் அல்ல. மதுரையில் வழிப்போக்கர் படுக்கும் அம்பலத்தில், ஒரு மழைநாள் நள்ளிரவில். பிறப்பைச் சொல்லி பிராமணர்களால் விரட்டப்பட்ட ஆபுத்திரன் அங்கே ஓட்டைத் தலையணையாக வைத்துப் படுத்திருக்கிறான். அந்த இராத்திரியில் வந்தவர்கள் பசி என்கிறார்கள். அவனிடம் ஒன்றுமில்லை. அப்போதுதான் சிந்தாதேவி பாத்திரத்தைக் கொடுக்கிறாள். அந்தப் பாத்திரத்தோடு மணிமேகலை பஞ்சம் பிடித்த காஞ்சிக்கு வந்து, பல மொழி பேசுவோர், குருடர், செவிடர், முடவர் என்று பாகுபாடில்லாமல் போடுகிறாள். எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஊரில் இடமில்லாத ஒருவனின் படுக்கையிலிருந்து வந்த பாத்திரம் அப்படித்தான் இருக்கும்.

பௌத்தம் போனது, சத்திரம் வந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. ஆனால் சத்திரம் இந்தப் பாத்திரத்தின் வாரிசு அல்ல என்பதைச் சொல்லலாம். தஞ்சை சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில் தன் சத்திரங்களைப் பற்றிப் பெருமையோடு விவரிக்கிறார். பிராமணர் தொடங்கிப் பறையர் வரை வழிப்போக்கர் எல்லாருக்கும் உணவு உண்டு. ஆக்கிய சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியாகவே தரப்படும். இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. சோறு தீட்டாகும், அரிசி தீட்டாகாது. ஒரே கூரை, ஒரே தர்மம். ஆனால் பந்தி ஒன்றல்ல. சத்திரம் யாரையும் பட்டினி போடவில்லை. யாரையும் கலக்கவும் விடவில்லை. கோயில் ஊர்களின் சன்னதித் தெருக்களில் இன்றைக்கும் சாதிப் பெயர் பொறித்த சத்திரங்களைப் பார்க்கலாம். தர்மம் செய்பவன் தன் பெயரோடு தன் வாலையும் சேர்த்தே கல்லில் வெட்டிவைத்தான்.

4

1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது. ரயில் பெட்டியில் டிக்கெட்டுக்குத்தான் மரியாதை, சாதிக்கு இல்லை என்று நம் முற்போக்கு வரலாறுகள் எழுதுகின்றன. பெட்டிக்குள் அது ஓரளவு சரி. இறங்கியதும்? ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணாளுக்கு ஒரு பக்கம், 'இதராளுக்கு' ஒரு பக்கம். சுயமரியாதை இயக்கத்தின் நீண்ட கிளர்ச்சிக்குப் பிறகுதான் 1941இல் தென்னிந்திய ரயில்வே இந்தப் பிரிவினையை எடுத்தது. ஓட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல் செய்து எத்தனையோ பேர் சிறைக்குப் போனார்கள். 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் நடந்த மாகாண காங்கிரஸ் மாநாட்டிலிருந்து வகுப்புவாரி உரிமைக்காகப் பெரியார் வெளியேறியது இதே காஞ்சிபுரத்தில்தான். அதற்கு முந்தின ஆண்டு, செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். தெருவில் நடப்பதற்கே தீர்மானம் போட வேண்டியிருந்த காலம், தங்குவது அப்புறம்.

காசு கொடுத்தால் கதவு திறக்கும் என்பது நவீனத்துவத்தின் வாக்குறுதி. அதைச் சோதித்துப் பார்க்க நமக்கொரு சாட்சியம் இருக்கிறது. அம்பேத்கர் எழுதி, 1990இல் தனி நூலாக வெளிவந்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் சிறிய தன்வரலாற்றுக் குறிப்பு. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்து வேலைக்கு வந்தவர் தங்க இடம் இல்லாமல் பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்கிறது. அவர் கையில் காசு இருந்தது. பட்டம் இருந்தது. உத்தியோகம் இருந்தது. ரூம் மட்டும் இல்லை.

ஆகவே லாட்ஜ் கதவைத் திறந்தது தர்மமும் அல்ல, சந்தையும் அல்ல. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லி எழுதியது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலை, சராய், முசாபர்கானா வரைக்கும் பட்டியல் போட்டது. சும்மா 'எல்லாரும் சமம்' என்று எழுதினால் போதாது, ஒவ்வொரு வாசலையும் பெயர் சொல்லித் தட்ட வேண்டும் என்பது அடிபட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. காஞ்சிபுரத்தில் எங்களுக்கு எழுநூறு ரூபாய் ரூம் கிடைத்ததற்குப் பின்னால் அந்தப் பட்டியல் இருக்கிறது. "ரூம் குடுத்துட்டாரில்ல" என்று நண்பர் சொன்னதன் எடை அது. நான் அதை அலட்சியமாக எடுத்துக்கொண்டேன்.

5

பரோடாக் கதை விடுதியோடு முடியவில்லை. அம்பேத்கர் தனக்குத் தெரிந்த இரண்டு நண்பர்களிடம் போகிறார். ஒருவர் இந்து: நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். மற்றவர் பிராமண சாதியிலிருந்து கிறித்தவரானவர்; மனைவி நாளைக்கு ஊரிலிருந்து வருகிறாள், அவளைக் கேட்க வேண்டும் என்கிறார். யாரும் 'முடியாது' என்று சொல்லவில்லை. அம்பேத்கர் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார்.

இதை நான் காஞ்சியிலிருந்து வந்த பிறகு மறுபடியும் வாசித்தேன். மனைவியைக் கேட்க வேண்டும் என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு நூல் விமர்சனக் கூட்டம் நடத்தினோம். வெளியூரிலிருந்து பேச வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் வீட்டு முன்னறையில் படுத்தார். காலையில் அம்மா இட்லி ஊற்றிக் கொடுத்தாள். இன்னொருவர் இந்த நண்பர். அவருக்கு லாட்ஜ். "ரூம் போட்டுடலாம் தோழர், அங்கன்னா உங்களுக்கும் ப்ரீயா இருக்கும். வீட்ல அம்மாவுக்கு ஒடம்பு முடியல" என்று நான்தான் போனில் சொன்னேன். வாடகையும் நான்தான் கட்டினேன். அப்போது அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. உண்மையிலேயே அம்மாவுக்கு அன்று முட்டிவலி. ஆனால் முட்டிவலியோடுதான் அவள் இட்லி ஊற்றினாள்.

காஞ்சிபுரத்தில் மேனேஜரை நான் திட்டிக்கொண்டிருந்தபோது நண்பர் "அம்மா இப்ப எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டது இதைத்தான்.

விருந்தாளியிடம் பெயரைக் கேட்கும்போதே விருந்தோம்பலில் நிபந்தனை புகுந்துவிடுகிறது என்று தெரிதா 1990களில் எழுதினார். நம்முடைய நிலைமை அதைவிடச் சிக்கலானது. நாம் பெயரே கேட்பதில்லை, ரூம் போட்டுவிடுகிறோம். சட்டமும் போராட்டமும் லாட்ஜைத் திறந்துவிட்டன. அது பெரிய வெற்றி. அந்த வெற்றியை வீடு தனக்குச் சாதகமாக ஆக்கிக்கொண்டுவிட்டது. யாரையும் தடுக்காமலேயே, யாரையும் அவமானப்படுத்தாமலேயே, கைக்காசைப் போட்டு, வீட்டு வாசலுக்கு வராமல் திருப்பிவிட முடிகிறது. திருவாரூரில் இறைவன் வகுத்த வேறு வாயிலை நாம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மணிக்கணக்கு வாடகைக்கு வைத்திருக்கிறோம். மேனேஜராவது கேள்வி கேட்டான். கேட்டபிறகு சாவியைக் கொடுத்தான்.

லாட்ஜே கூடாது என்பதல்ல என் வாதம். பலருக்கு ஓர் இரவேனும் யார் கண்ணுக்கும் படாமல் படுக்கக் கிடைப்பது அங்கேதான். யார் எங்கே தங்க வேண்டும் என்பதைத் தங்குகிறவர் தீர்மானிக்க வேண்டும் என்பதே விஷயம். சிறுபத்திரிகைக் கூட்டங்களும் இயக்கக் கருத்தரங்குகளும் நடத்துகிற நாம் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம். கடந்த பத்தாண்டில் யார் யாரை வீட்டில் தங்க வைத்தோம், யார் யாருக்கு ரூம் போட்டோம்? சாதியொழிப்புத் தீர்மானங்களை விட அந்தப் பட்டியல் நம்மைப் பற்றி அதிகம் சொல்லும்.

தை மாதம் ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம். நண்பரிடம் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். "அம்மாவக் கேட்டீங்களா?" என்று சிரித்தார். போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஊருப்பா?" என்றாள். சொன்னேன்.

"அந்த ஊர்ல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். இத்தனை காலமும் நண்பர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.