அளந்தறிந்த அணு

தராசும் படியும் நம் இல்லங்களில் பழகிய பொருள்கள். ஆனால், சில மணி நேரத்தில் தேய்ந்து மறையும் பொருளை அளப்பது எங்ஙனம்? அளவாது விட்டால் நேரும் இடர் யாது? இவ்வினாக்களுக்கு விடை கூறும் வரலாறு ஒன்றை ஈண்டுக் காண்போம்.

1944ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் இறுதி. அமெரிக்க நாட்டில், கொலம்பியா ஆற்றங்கரையிலுள்ள ஹான்ஃபோர்டில் ‘பி’ அணு உலை இயங்கத் தொடங்கிற்று. போருக்கான புளூட்டோனியத்தை ஆக்கவே அஃது எழுந்தது. சில மணி நேரத்தில் அதன் ஆற்றல் காரணமின்றிக் குன்றி, முற்றும் ஓய்ந்தது. பின்னர் மெல்ல உயிர்பெற்று, மீண்டும் ஓய்ந்தது. அறிஞர் ஃபெர்மியும் வீலரும் அது குன்றிய, மீண்ட நேரங்களை ஆராய்ந்து காரணம் கண்டனர். யுரேனியம் பிளவுறுங்கால் பிறக்கும் அயோடின்-135, செனான்-135 ஆக மாறுகிறது. ஏறத்தாழ 9 மணி நேர அரை ஆயுளுடைய அச்செனானே, உலையை இயக்கும் நியூட்ரான்களை விழுங்கிற்று.

நியூட்ரானை ஏற்கும் திறனை அறிஞர் ‘பார்ன்’ என்னும் அலகால் அளப்பர். களஞ்சியம் என்று பொருள்படும் அப்பெயர் 1942இல் வேடிக்கையாக இடப்பட்டது. யுரேனியம்-235 பிளவுறுதற்கு ஏறத்தாழ 580 பார்ன். செனானுக்கோ 26 லட்சத்திற்கும் மேல்! பொறியாளர் முன்னெச்சரிக்கையாக ஏறத்தாழ 500 குழாய்களை மிகுதியாக அமைத்திருந்தனர். அவற்றிலும் யுரேனியத்தை இட்டதால் உலை பிழைத்தது. ஹான்ஃபோர்டில் விளைந்த புளூட்டோனியமே 1945இல் நாகசாகியை அழித்தது என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

நியூட்ரானை ஏற்கும் இவ்வினை விண்மீன்களிலும் நிகழ்கிறது. 1952இல் மெரில் என்பார் செம்பெரு விண்மீன்களின் ஒளியில் டெக்னீசியத்தைக் கண்டார். அதன் மிக நீண்ட அரை ஆயுளும் சில பத்து லட்சம் ஆண்டுகளே. அவ்விண்மீன்களின் அகவையோ அதனினும் பன்மடங்கு. எனவே, அத்தனிமம் அங்கேயே ஆக்கப்படுகிறது என்பது தெளிவாயிற்று. அணுக்கருக்கள் நியூட்ரான்களை ஏற்று, இரும்பினும் கனத்த தனிமங்களாகும் முறையை 1957இல் பர்பிட்ஜ் இணையர், ஃபௌலர், ஹாயில் ஆகிய நால்வர் விரித்துரைத்தனர். அக்கணக்குகளுக்கும் கதிரியக்கப் பொருள்களின் பார்ன் அளவுகள் வேண்டும்.

அவை எளிதிற் கிட்டுவன அல்ல. பொருள் நாள்தோறும் தேய்கிறது; அதன் கதிரோ கருவிகளை மயக்குகிறது. ஆதலின் பலவற்றிற்குக் கணிப்பே துணை. 83 நாள் அரை ஆயுளுடைய சிர்க்கோனியம்-88க்கு 10 பார்ன் என்றே கணித்திருந்தனர். மிசௌரிப் பல்கலைக்கழக அணு உலையில் அதனை இட்டு அளந்த அறிஞர், 2019இல் வெளியிட்ட விடை 8,61,000 பார்ன்! அளந்தறிந்தவற்றுள் செனானுக்கு அடுத்த பேரளவு இதுவே.

கற்றோர் கணிப்பும் பிழைபடலாம். அளந்து கண்டதே துணிபு. நம் காலனிச் சிறார் பள்ளி ஆய்வகத்தில் தராசைத் தொடும்பொழுது இவ்வரலாற்றை நினைவாராக!